முதல்ல நீங்க கை தூக்குங்க

ராஜபாளையம் பக்கத்து நூல் மில் ஒன்றில், முதலாளி முதல் தொழிலாளி வரை எல்லோரும் சேர்ந்திருந்த மருத்துவக் காப்பீட்டை மாற்றுவது பற்றிக் கூட்டம் நடந்தது. பிரீமியம் ஏறிவிட்டதால் நோயாளிகளைத் திட்டத்திலிருந்து நீக்கப் போவதாகச் சொன்னார் முதலாளி சங்கரபாண்டியன். கேன்டீனில் பரிமாறும் செல்லக்கனியை எழுப்பி நிறுத்தினார்.

"யார் யார் மாத்திரை போடுறாங்கன்னு உனக்குத் தெரியும். அடுத்த வருஷம் யாரெல்லாம் ஆஸ்பத்திரியில படுப்பாங்க? இப்பவே சொல்லு. இல்லேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது."

டயாலிசிஸ் செய்துகொண்டே வேலைக்கு வரும் செல்லக்கனியின் புருஷன் மாடக்கண்ணு, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"யாருக்கு நோய் வரும்னு எனக்குத் தெரியாதுங்கய்யா," என்றாள். "ஆனா, வரவே வராதுன்னு தெரிஞ்சவங்களுக்குக் காப்பீடு எதுக்கு? அவங்க பேரை எடுத்துட்டாலும் பிரீமியம் குறையுமே. நோயே வராதுன்னு உறுதியா தெரிஞ்சவங்க கை தூக்கட்டும். முதல்ல நீங்க கை தூக்குங்க. உங்களைப் பார்த்து மத்தவங்களும் தூக்குவாங்க."

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முதலாளியின் கை தோள்வரை போனது. மெல்லக் கையை இறக்கினார்.

"யார் பேரையும் எடுக்க வேண்டாம். ஏறின பிரீமியத்தை மில்லே கட்டும்," என்றார். பிறகு, "என் பேரும் இருக்கட்டும்," என்றார்.