செம்போத்து கட்டிய வேஷம்

அந்தக் காலத்தில் பறவைகளெல்லாம் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்தன. பேச்சு இருந்தால் கதை இருக்கும்; கதை இருந்தால் கூத்தும் இருக்கும். அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடக்கும் நாட்களில், ஏரிக்கரை இலுப்பை மரத்தடியில் பறவைகள் கூடிக் கூத்துப் போடும். மனிதர்களின் கூத்து விடிய விடிய நடக்கும். பறவைகளுக்கு இருட்டினால் கண் தெரியாது. அதனால் அவற்றின் கூத்து வெயில் தாழத் தொடங்கி, கூடடையும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கூத்துக்கு வாத்தியார் நாரை. ராஜா வேஷம் மாங்குயிலுக்கு. அந்த மஞ்சள் நிறத்துக்கு வேறு அரிதாரமே வேண்டாம். கதையில் ஒரு கொடியவனும் உண்டு. பேர் கருமூர்க்கன். தாய்ப்பறவைகளை ஏமாற்றிக் கூட்டைவிட்டு விரட்டி, பொரிக்கப் போகும் முட்டைகளைத் திருடுகிறவன். கடைசியில் ராஜா வந்து அவனைக் கொல்வார். இதுதான் கதை.

கருமூர்க்கன் வேஷத்துக்கு மட்டும் ஆள் நிற்பதில்லை. ஒரு வருஷம் கட்டின காக்கை அடுத்த வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பருந்தைக் கேட்டால், அதற்கு ஏற்கெனவே இருக்கிற கெட்ட பேரே போதும் என்று சொல்லிவிட்டது. யாரையாவது பிடித்து நிறுத்தினால், எங்கே தன்னை வெறுத்துவிடுவார்களோ என்று அவன் பாதியிலேயே பல்லை இளித்துக்கொண்டு, "சும்மா நடிப்புதான்" என்கிற மாதிரி பார்ப்பான். கொடியவன் சப்பென்று போனால் ராஜா மட்டும் எப்படி எடுபடுவார்? கூட்டம் கொட்டாவி விட்டது.

அப்போது திரை பிடித்துக்கொண்டிருந்தவன் செம்போத்து. அந்தப் பேரெல்லாம் பிறகு வந்தது. அன்றைக்கு அவன் உச்சி முதல் வால் வரை கறுப்பு. கண்ணும் கறுப்பு. குரலோ மெல்லிசு. நாலு பேர் இருக்கும் இடத்தில் ஐந்தாவது ஆளாக நிற்கவே கூசுவான். ஆனால் திரை பிடித்துப் பிடித்துக் கூத்து முழுவதும் அவனுக்கு மனப்பாடம். கூட்டம் ஒரே ஒரு தடவை தன்னைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவனுக்குள் இருந்ததை யாரும் அறியவில்லை. நாரை வாத்தியார் வேறு வழியில்லாமல் கேட்டபோது, அவன் யோசிக்காமல் சரி என்றான்.

வேஷத்துக்காக அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. குரல் கனக்க வேண்டும் என்று ஒரு பட்டுப்போன பனையின் பொந்துக்குள் தலையைவிட்டு "உக்... உக்..." என்று தினமும் பேசிப் பழகினான். காவிக்கல்லை உரசி இரண்டு சிறகிலும் பூசிக்கொண்டான். கோவைப்பழத்தைப் பிழிந்து கண்ணில் விட்டுக்கொண்டான். எரியும். கூத்து முடிந்ததும் ஏரியில் இறங்கிக் கழுவிவிடுவான்.

ஆனால் கூட்டத்தைக் கதிகலங்க வைத்தது குரலும் அல்ல, கண்ணும் அல்ல. மற்றவர்கள் கருமூர்க்கனாக வந்து முட்டையைப் பார்த்ததும் உறுமுவார்கள், பாய்வார்கள். இவன் அப்படிச் செய்யவில்லை. "பாம்பு! பாம்பு!" என்று பொய்யாகக் கத்தித் தாயை விரட்டிவிட்டு, கூட்டின் பக்கத்தில் மெதுவாக வந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு முட்டையையும் அலகால் பூப்போலப் புரட்டினான். சூடு படாத பக்கத்தை மேலே கொண்டுவந்து, சிறகால் தடவிக் கொடுத்தான். அதன்பிறகுதான் எடுத்தான்.

கூட்டத்தில் இருந்த தாய்மார்கள் துள்ளி எழுந்தார்கள். ஒருத்தி மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். மற்றவர்கள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார்கள். மாங்குயில் ராஜா வந்து அவனை வெட்டியபோது எழுந்த ஆரவாரம் ஏரிக்கு அக்கரையில் கேட்டதாம்.

திரைக்குப் பின்னால் நாரை அவனைத் தட்டிக்கொடுத்தது. மற்றவர்களுக்குக் கைதட்டல் எப்படியோ, கொடியவன் வேஷத்துக்கு வசவு அப்படி என்றது. செம்போத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. வீட்டுக்கு வரும்வரை மண்ணாங்கட்டி பட்ட இடம் வலிப்பதுகூடத் தெரியவில்லை.

வீட்டில் அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் கூட்டத்தில் இருந்தவள்தான். திரும்பாமலே கேட்டாள்:

"முட்டையைப் புரட்டுனீங்களே, அதை எங்கே கத்துக்கிட்டீங்க?"

அவன் மண்ணாங்கட்டி பட்ட இடத்தை அலகால் கோதினான்.

"அது நான் செய்யறது. நம்ம முட்டைக்கு நான் செய்யறது. அதைக் கொண்டுபோயா திருடனுக்குக் கொடுத்தீங்க?"

"அதைவிட அன்பா எதையும் நான் பார்த்ததில்லை" என்றான் அவன். "அதனாலதான் அவங்களுக்கு அத்தனை கோபம் வந்தது."

 அவளுக்குக் கோபமும் போகவில்லை, முழுசாக நிற்கவும் இல்லை.

அடுத்தடுத்துக் கூத்துகள் நடந்தன. அவன் பேர் பரவியது. கூடவே இன்னொன்றும் பரவியது. ஏரியில் தண்ணீர் குடிக்கப் போனால் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்துகொண்டார்கள். அவன் கண்ணைக் கழுவிவிட்டு, தன் பழைய மெல்லிய குரலில் நலம் விசாரித்தாலும், பதில் சொல்பவர்கள் குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டே சொன்னார்கள். ஒருநாள் அவன் பெண்டாட்டியை ஒரு கூட்டமே துரத்தியது, திருடன் பெண்டாட்டி என்று. அவள் அழவில்லை. இந்த வேஷத்தை விட்டுவிடச் சொன்னாள். அந்த வருஷத்துக் கடைசிக் கூத்து முடிந்ததும் விட்டுவிடுகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

அந்தக் கடைசிக் கூத்துக்கு ஈ எறும்பு மிச்சமில்லாமல் எல்லாரும் வந்துவிட்டார்கள். அடைகாக்கும் தாய்மார்கள்கூட, கொஞ்ச நேரம்தானே என்று முட்டைகளை இலையால் மூடிவைத்துவிட்டு வந்தார்கள். கூட்டம் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கூடுகள் எல்லாம் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால், ஏரிக்கரைக் கருவேல மரங்களில் இருந்தன.

செம்போத்து மேடையில் தனியாக இருந்தான். பொய்க் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் முட்டையைப் புரட்டினான். கூட்டம் பல்லைக் கடித்தது. அவன் வழக்கம்போலத் தலையை நிமிர்த்திக் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டத்துக்கு அப்பால், கொண்டைக்குருவியின் கூடு இருந்த மரத்தில் ஒரு பாம்பு ஏறிக்கொண்டிருந்தது.

"பாம்பு!" என்று கத்தினான். "பாம்பு! பின்னாலே பாருங்க!"

கூட்டம் சிரித்தது. அந்தப் பொய்யை இப்போதுதானே சொன்னாய், வேறு ஏதாவது சொல் என்று யாரோ கேட்டார்கள். திரைக்குப் பின்னால் இருந்து நாரை, வசனம் தப்பு, வசனம் தப்பு என்று முணுமுணுத்தது. அவன் தன் சொந்தக் குரலில் சொல்லிப் பார்த்தான். சொந்தக் குரல் வரவில்லை. தொண்டையிலிருந்து கருமூர்க்கன்தான் பேசினான்.

பாம்பின் தலை கூட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது.

செம்போத்து மேடையைவிட்டுப் பறந்தான். பறப்பதில் அவன் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. கூட்டத்தின் தலைக்கு மேலாகத் தடுமாறித் தடுமாறிப் போனான். அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: சிவந்த கண்ணும் காவிச் சிறகுமாகக் கருமூர்க்கன் நிஜக் கூட்டை நோக்கிப் போகிறான்.

கொண்டைக்குருவியின் கூட்டில் மூன்று முட்டைகள். ஒன்றைப் பாம்பு அதற்குள் விழுங்கிவிட்டது. செம்போத்து போன வேகத்தில் அதன் கழுத்தைக் கவ்வினான். பாம்பு அவனைச் சுற்றியது. இரண்டும் கிளையிலிருந்து நழுவி, கீழே இருந்த காரைப்புதருக்குள் விழுந்தன. முள் அவனைக் கிழித்தது. அவன் பிடியை விடவில்லை. பாம்பு கடைசியாக ஒருமுறை துடித்து அடங்கும்வரை விடவில்லை.

மேலே ஒரே கூச்சல். கூட்டம் முழுவதும் புதருக்கு மேலே பறந்து வட்டமிட்டது. கூட்டில் ஒரு முட்டை குறைந்திருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டார்கள். முள்ளுக்குப் பயந்து யாரும் உள்ளே இறங்கவில்லை. அவன் வெளியே தலையை நீட்டியபோதெல்லாம் கொத்தினார்கள். நாரை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. அது வேஷம், ஆள் வேறு என்றது. கண்ணால் கண்டதைப் பொய் என்கிறாயா என்று அதன்மேலும் பாய்ந்தார்கள்.

கொண்டைக்குருவி மட்டும் கத்தவில்லை. போனது அவள் முட்டை. அவனை நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்று முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கினாள். உள்ளே அவன் ரத்தமும் காவியுமாகக் கிடந்தான். பக்கத்தில் பாம்பு செத்துக் கிடந்தது. அதன் வயிற்றில் முட்டை அளவுக்கு ஒரு புடைப்பு.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாலே வந்திருக்கணும்" என்றான் அவன்.

"ரெண்டு மிஞ்சியிருக்கு" என்றாள் அவள்.

வெளியே வந்து நடந்ததைச் சொன்னாள். அவளையும் ஏமாற்றிவிட்டான், எப்பேர்ப்பட்ட நடிகன் என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். இத்தனை நாள் வெறுத்த வெறுப்பை ஒரு சொல்லில் கீழே வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் கலைந்து போனார்கள்.

அவன் பெண்டாட்டி புதருக்குள் வந்தாள். முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அவன் ஏரிக்குப் போய்க் கண்ணைக் கழுவ முடியாமல் கோவைப்பழச் சாறு கண்ணிலேயே ஊறிவிட்டிருந்தது. காவி ரத்தத்தோடு சேர்ந்து சிறகில் பிடித்துவிட்டது. அவள் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"இங்கேயே கூடு கட்டிக்கலாம்" என்றாள். "முள்ளு இருக்கு. ஒருத்தரும் வரமாட்டாங்க."

"சாப்பாட்டுக்கு?"

அவள் பாம்பைத் திரும்பிப் பார்த்தாள். "இதை ஏன் வீணாக்கணும்?" என்றாள்.

சில நாளில் கொண்டைக்குருவியின் இரண்டு முட்டையும் பொரிந்தன. குஞ்சுகளுக்குச் சிறகு முளைத்தது. முதன்முதலாகப் பறக்க வேண்டிய நாளில், அவள் அவற்றை நேரே மரத்திலிருந்து தள்ளிவிடவில்லை. கிளை கிளையாகத் தத்தவைத்துக் கீழே காரைப்புதர் பக்கம் இறக்கிக் கொண்டுவந்து, அங்கே நடந்துகொண்டிருந்தவனைக் காட்டினாள். நீங்கள் இருப்பதற்கு இவர்தான் காரணம், முகத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றாள். குஞ்சுகள் அந்தச் சிவந்த கண்களைப் பயமில்லாமல் பார்த்துவிட்டுப் பறந்தன. கிளையில் மோதாமல், பருந்து கண்ணில் படாமல், பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன.

இது மற்றத் தாய்மார்கள் காதிலும் விழுந்தது. பகலில் நாலு பேர் முன்னால் அவனைத் திட்டியவர்கள், விடியற்காலையில் ஒவ்வொருவராகக் குஞ்சுகளோடு அந்தப் பக்கம் வந்து போனார்கள். ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை. ஏரிக்கரையில் விறகு பொறுக்க வந்த பெண்கள் இதைக் கவனித்தார்கள். பறவைகளே பார்த்துவிட்டுப் போனால் அதில் விஷயம் இல்லாமலா இருக்கும் என்று, தூரதேசம் புறப்படும் தங்கள் ஆட்களிடமும் சொல்லிவைத்தார்கள்.

அன்று முதல்தான் செம்போத்துக்குக் கண் கோவைப்பழமாகச் சிவந்திருக்கிறது, சிறகு காவியாக இருக்கிறது, குரல் பொந்துக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்துக் கேட்கிறது. சின்னக் குருவிகள் கண்ட இடத்தில் அதைத் துரத்துகின்றன. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிற மனிதர்களோ, வேலியோரம் அது நடந்து போவதைக் கண்டால், சகுனம் நன்றாக இருக்கிறது என்று நின்று ஒரு பார்வை பார்க்கிறார்கள். அதுதான் நிற்பதில்லை; யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே புதருக்குள் போய்விடுகிறது.