வெறுங்கை

"சென்சேய், இன்னும் ஒரு வருடம் என்னால் எறிய முடியுமா?"

குலேந்திரன் இதைக் கேட்டபோது ஒகுடா மைதானத்தின் ஓரத்தில் குந்தியிருந்து பந்துகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சென்சேய் என்றால் ஜப்பானியரின் மொழியில் ஆசிரியர். ஒகுடா அவனைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஆனால் பேஸ்பாலில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கொடுத்தது.

அவர் தலை நிமிரவில்லை. துடைத்த பந்தைக் கூடையில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

குலேந்திரன் மட்டக்களப்பில் கிரிக்கெட் ஆடியவன். நல்ல வேகம். ஆனால் முழங்கை மடிகிறது, பந்தை வீசவில்லை, எறிகிறான் என்று நடுவர்கள் திரும்பத் திரும்பக் குற்றம் சொன்னார்கள். கடைசியில் கழகமே அவனை நிறுத்திவிட்டது. பேஸ்பால் சொல்லிக்கொடுக்க அந்த வருடம் இலங்கைக்கு வந்திருந்த ஒகுடா அவன் எறிவதைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அங்கே குற்றமாக இருந்தது, எறிவதே ஆட்டமான பேஸ்பாலில் தொழிலாயிற்று.

அவர் அவனை ஜப்பானுக்கு அழைத்துவந்தார். அவர் பயிற்சியாளராக இருந்த, ஒரு சிறிய நகரத்தின் சிறிய அணி. பெரிய லீக்குக்குப் போக ஆசைப்படுகிறவர்களும் அங்கிருந்து விழுந்தவர்களும் ஆடும் அணி. முதல் சில வருடங்கள் பெரிய அணிகளின் ஆட்கள் வந்து வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் வேகத்தை அளந்தார்கள். அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். பிறகு அவன் தோள் கிழிந்தது. கத்தி வைத்துத் தைத்தார்கள். அந்த ஆட்கள் வருவது நின்றுபோயிற்று. அடுத்த வருடம் என்று சொல்லும் பழக்கம் மட்டும் அவனிடம் தங்கிவிட்டது.

இதற்கிடையில் ஊரில் தர்மினியைக் கட்டினான். ஒரு மகள் பிறந்தாள். ஆட்டம் இல்லாத மாதங்களில் போய்வந்தான். அப்பா படுக்கையில் விழுந்த வருடம் மட்டும் போகவில்லை. சீசன் முடியட்டும் என்றான். சீசன் முடிந்தபோது அப்பா இல்லை.

இந்த இலையுதிர் காலத்தில் அணி அவனை விடுவித்தது. அந்த வாரமே ஒரு தரகர் அழைத்தார். மெக்சிக்கோவில் ஓர் அணிக்கு ஆள் தேவை. ஒரு சீசன். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இன்று காலையில் தர்மினியிடம் போனில் சொன்னான்.

"வேணாம்" என்றாள். "ஏறாவூர்ல அண்ணாட கடையில உங்களுக்கு இடம் இருக்கு. வந்திருங்க."

"ஒரு வருசம்தான், தர்மினி."

"ஒவ்வொரு வருசமும் இதத்தானே சொல்றீங்க."

"பிள்ளையிட்டக் குடு."

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பிறகு, சற்றுத் தள்ளி, மகளின் குரல்.

"அவரோட நான் என்னத்தக் கதைக்கிற?"

குலேந்திரன் போனை வைத்துவிட்டான். நேரே மைதானத்துக்கு வந்து, மெக்சிக்கோ அழைப்பைச் சொல்லி, ஒகுடாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

ஒகுடா கடைசிப் பந்தையும் துடைத்து முடித்தார். எழுந்தார்.

"வா, குரே" என்றார். ஜப்பானியர் வாயில் அவன் பெயர் அப்படித்தான் சுருங்கியிருந்தது.

அவனை எறியும் மேட்டுக்கு அனுப்பிவிட்டு எதிரே போய்க் குந்தினார். கையில் பந்து பிடிக்கும் தோல் உறை இருந்தது. அதைக் கழற்றி மண்ணில் வைத்தார். வெறுங்கையை விரித்து நீட்டினார்.

"எறி."

"உறையைப் போடுங்கள், சென்சேய்."

"எறி."

"விரல் உடைந்துவிடும்."

"எறி என்றேன்."

மெல்ல எறிந்தான். ஒகுடா பிடித்தார். திருப்பிப் போட்டார்.

"குழந்தைக்கா எறிகிறாய்?"

அடுத்ததைக் கொஞ்சம் வேகமாக எறிந்தான். அவர் பிடித்தார். திருப்பிப் போட்டார்.

குலேந்திரனுக்குக் கோபம் வந்தது. அவர்மேல், மெக்சிக்கோமேல், போனில் கேட்ட குரல்மேல். காலைத் தூக்கி, உடம்பு முழுவதையும் கைக்குள் கொண்டுவந்து எறிந்தான். தோளிலிருந்து முழங்கை வரை தீப்பிடித்ததுபோல் இருந்தது. வாயைத் திறந்து கத்திவிட்டான்.

பந்து ஒகுடாவின் உள்ளங்கையில் போய் விழுந்தது. அவர் முகம் மாறவில்லை. கையைப் பார்த்துக்கொண்டார். சிவந்திருந்தது. அவ்வளவுதான்.

"இன்னும் ஒன்று" என்றார்.

குலேந்திரன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இதுதான், சென்சேய். இதற்குமேல் என்னிடம் இல்லை."

"தெரியும்."

காற்றில் வேலிக்கம்பி அதிர்ந்தது. ஒகுடா நடந்து வந்து அவன் பக்கத்தில் நின்றார்.

"மெக்சிக்கோவுக்கு முடியாது என்று சொல்லிவிடுகிறேன்" என்றான் குலேந்திரன்.

"சொல்லிவிடு."

அவன் தலையைத் தூக்கினான். எதையோ புதிதாகப் பார்ப்பவன்போல அவரைப் பார்த்தான்.

"எறிவதற்கு முன்பே உறையைக் கழற்றினீர்கள்."

"ஆம்."

"என் வேகம் போய்விட்டது என்று எப்போதிலிருந்து தெரியும்?"

"தோள் ஆறியபின் நீ முதன்முதலில் எறிந்த அன்று."

"அப்போது என் அப்பா இருந்தார்."

ஒகுடா மண்ணில் கிடந்த உறையின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"அணிக்காரர்கள் உங்களைக் கேட்கவில்லையா?"

"ஒவ்வொரு வருடமும் கேட்டார்கள். அடுத்த வருடம் வேகம் திரும்பும் என்று சொன்னேன்."

"எனக்காகவா பொய் சொன்னீர்கள்?"

"அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்."

"என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் குலேந்திரன். "நான் போயிருப்பேன். அவர் கண் மூடும்போது பக்கத்தில் இருந்திருப்பேன். என் பிள்ளைக்கு என்னைத் தெரிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை?"

ஒகுடா அவனருகே மண்ணில் உட்கார்ந்தார். சிவந்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ கேட்காத வரைக்கும்" என்றார், "எனக்கு ஒரு மாணவன் இருந்தான்."