சும்மா நிற்கப் போன நீர்ப்படை

ஏரியின் தென்கோடியில் கருப்பாயி ஆமை மூச்சு வாங்கியபடி மிதந்தது. வடகோடியிலிருந்து இங்கே நீந்தி வர அரை நாள் பிடிக்கும். இந்தக் கோடையில் இது ஒன்பதாவது நடை. கால்கள் நான்கும் விட்டுப்போயின.

கருப்பாயிதான் வாத்து ராஜாவின் தூதர். வாத்துகள் குடியிருந்த திட்டைச் சுற்றித் தண்ணீர் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தது. கரையில் நரிகள் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு சாண் வற்றினால் போதும், நரிகள் நடந்தே திட்டுக்கு வந்துவிடும். பெரிய வாத்துகள் பறந்து தப்பிக்கும். பறக்கத் தெரியாத நாற்பது குஞ்சுகள் எங்கே போகும்?

தென்கோடியில் ஆழமான தண்ணீரும் அடர்ந்த கோரையும் இருந்தன. அது நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவைகளான நாமக்கோழிகளின் இடம். மழை வரும்வரை குஞ்சுகளை அங்கே தங்கவைக்கத்தான் கருப்பாயி இப்படி அலைந்தது.

நாமக்கோழிகளிடம் போனவுடன் பேசிவிட முடியாது. வந்தவர் கோரையின் ஓரத்தில் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். கூப்பிட்டால்தான் உள்ளே போகலாம். பேச்சு முடிந்து சம்மதம் என்றால், தலைவி தன் சொந்தக் கூட்டிலிருந்து ஒரு கோரையை உருவி வந்தவர் வாயில் வைக்கும். அதற்குப் பிறகு சொன்ன சொல் மாறாது.

ஒன்பதாவது நடையில் தலைவி வெள்ளைநெத்தி கொஞ்சம் இறங்கி வந்தது.

“தாய்களும் குஞ்சுகளும் வரட்டும் அக்கா. ஆண் வாத்து ஒண்ணுகூட இந்தப் பக்கம் வரக் கூடாது! எங்க கூடெல்லாம் தண்ணியில மிதக்குது. அடியில இருக்குற பாசிக்கொடிதான் பிடிச்சு வச்சிருக்கு. உங்க ஆளுங்க வந்து கலக்கினா எங்க முட்டை போயிடும்.”

“ஒருத்தரும் வர மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு!” என்றது கருப்பாயி.

“அப்ப நாளை மறுநாள் வா. எங்க கூட்டத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு கோரை தர்றேன்.”

கருப்பாயிக்கு உடம்பு வலியெல்லாம் மறந்துபோனது. வந்த களைப்போடு அப்படியே திரும்பி நீந்திப் போய் ராஜாவிடம் சேதி சொன்னது. ராஜாவுக்கோ முகம் சுண்டிப்போனது.

“ஆண் வாத்து வரக் கூடாதாமா? நாம என்ன பிச்சையா கேக்குறோம்?”

பக்கத்தில் நின்ற நீர்ப்படைத் தளபதி சூரப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது. “ராஜா! நம்ம படையில எழுபது பேர் வேலையில்லாம கிடக்குறாங்க. ஆமையக்கா பேசும்போது பின்னால வரிசையா நிக்கிறோம். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். சும்மா நிக்கிறோம். அதைப் பார்த்தாலே அந்தம்மா தலையாட்டும்!”

“அது ஏற்கெனவே தலையாட்டிடுச்சேப்பா!” என்று கத்தியது கருப்பாயி.

“அப்ப இன்னும் வேகமா ஆட்டட்டும்!” என்றது ராஜா. சபையில் இருந்த வாத்துகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

“நான் வாக்குக் கொடுத்திருக்கேன் ராஜா...”

“கோரைக்குள்ள போக மாட்டாங்க, போதுமா? வெளியிலதான் நிப்பாங்க. நீ போய்ப் படு.”

கருப்பாயிக்கு அழுகையே வந்துவிட்டது. யாரிடம் போய் அழுவது? அது போய்ப் படுத்துக்கொண்டது.

சொன்ன நாளில் கருப்பாயி தென்கோடிக்குப் போய்க் காத்திருந்தது. நாமக்கோழிகள் கூப்பிட்டன. உள்ளே போனது. வெள்ளைநெத்தி தன் கூட்டிலிருந்து பச்சையாக ஒரு கோரையை உருவி எடுத்துக்கொண்டு வந்தது. கருப்பாயி வாயைத் திறந்தது. ஒரே ஒரு முழம்தான் பாக்கி.

அப்போதுதான் வெளியே சலசலவென்று சத்தம் கேட்டது. எழுபது ஆண் வாத்துகள் தோளோடு தோள் உரசி வரிசை கட்டி வந்து நின்றன.

“என்னக்கா இது?” என்றது வெள்ளைநெத்தி. கோரை அதன் அலகிலேயே நின்றுவிட்டது.

“சும்மா நிக்கத்தான் வந்திருக்காங்க அம்மா. உள்ளே வர மாட்டாங்க.”

“சும்மா நிக்கவா இவ்வளவு தூரம் வந்தாங்க? முதல்ல அவங்களைத் திரும்பிப் போகச் சொல்லு. அப்புறம் கோரை.”

கருப்பாயி விழுந்தடித்துக்கொண்டு சூரப்பனிடம் ஓடியது. “தளபதி, உனக்குப் புண்ணியமாப் போகும், போயிடு! காரியம் முடியப் போற நேரம்!”

“பொழுது சாயும்வரை நிக்கணும்னு ராஜா உத்தரவு. நான் என்ன செய்ய?”

நின்றன. வெயில் ஏறியது. எல்லாவற்றையும் யோசித்த தளபதி, மத்தியானச் சாப்பாட்டை மட்டும் யோசிக்கவில்லை. எழுபது வயிறும் காய்ந்தன. கடைசியில் ஒரு வாத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துத் தலையைத் தண்ணீருக்குள் விட்டு வாலைத் தூக்கியது. கீழே பாசிக்கொடி, இளசாக! பக்கத்து வாத்தும் தலையை விட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே தலையே தெரியவில்லை, எழுபது வால்கள்தான் தெரிந்தன.

கொடி அறுந்தது. ஓரத்துக் கூடுகள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டன. காற்று அவற்றைத் தள்ளிக்கொண்டு போனது. ஒரு கூடு சாய்ந்தது, அதிலிருந்த முட்டைகள் தண்ணீரில் விழுந்தன. அடுத்த கூடும் சாய்ந்தது. தாய் நாமக்கோழிகள் போட்ட கூச்சல் ஏரி முழுக்கக் கேட்டது.

“நாங்க யாரையும் தொடலியே! வெளியிலதானே நின்னோம்!” என்று திரும்பத் திரும்பச் சொன்னது சூரப்பன். அது சொன்னது உண்மைதான். அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

வெள்ளைநெத்தி கோரையைக் கீழே போட்டது. “இவங்க வரப் போறாங்கன்னு உனக்குத் தெரியுமா அக்கா?”

“தெரியும் அம்மா. என்னால தடுக்க முடியலை.”

“தடுக்க முடியாத நீ எதுக்குப் பொறுப்புன்னு சொன்னே?”

கருப்பாயி தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

திரும்பி வந்ததும் ராஜா கருப்பாயியைத்தான் ஏசியது. “உனக்குப் பேசத் தெரியலை! படை எவ்வளவு கம்பீரமா நின்னுச்சாம்!”

ஆறாம் நாள் நரிகள் வந்தன. சூரப்பன் படையை வரிசையில் நிறுத்தப் பார்த்தது. நீந்தத் தண்ணீர் இல்லை, கணுக்கால் சேறுதான் இருந்தது. கால் புதைந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. முதல் நரி பல்லைக் காட்டியதும் எழுபதும் சிறகடித்துப் பறந்தன. ராஜா அவற்றுக்கும் முன்னால் பறந்தது. தாய்கள் மட்டும் கதறிக்கொண்டு குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி வந்தன.

கருப்பாயியால் அன்று முடிந்தது ஒன்றுதான். மூன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சேற்றில் ஊர்ந்து ஆழத்துக்கு இறங்கியது. பின்னால் கேட்ட சத்தத்துக்கு அது திரும்பிப் பார்க்கவில்லை. விடாமல் நீந்தித் தென்கோடியை அடைந்து, கோரையின் ஓரத்தில் வாய் திறக்காமல் காத்திருந்தது.

வெகுநேரம் கழித்து வெள்ளைநெத்தி வந்தது. முதுகில் நடுங்கிய மூன்றையும் பார்த்தது.

“மத்தது?”

கருப்பாயி இல்லையென்று தலையை ஆட்டியது.

“படை?”

“பறந்து போயிடுச்சு.”

வெள்ளைநெத்தி குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கோரைக்குள் தள்ளிவிட்டது. பிறகு சொன்னது: “நாற்பதுக்கும் இடம் ஒதுக்கி வச்சிருந்தோம் அக்கா. நீ போ. இனி யாருக்காகவும் தூது பேச இந்தக் கரைக்கு வராதே.”

கருப்பாயி திரும்பி நீந்தியது.

பேசிப் பெற இருந்ததைப் பலம் காட்டிப் பெறப் போகிறவன், கைக்கு வந்ததையும் இழந்து, தனக்காகப் பேசியவரின் சொல்லையும் செல்லாததாக்கிவிடுகிறான்.