பொழுது பார்க்காமல் பூத்தவள்

செடியும் குருவியும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கஞ்சாச் செடிகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. ராத்திரியம்மா முப்பது நாழிகைக்கு மேல், அதாவது அரை நாளுக்கு மேல், நீண்ட பிறகுதான் பூக்க வேண்டும். அதுவரை இஷ்டத்துக்கு வளரலாம். தெற்கு மலைச்சரிவில் ஆளுயரம் தாண்டி நின்ற எந்தச் செடிக்கும் இதில் குறையில்லை.

வலசை போகிற காடை ஒன்று அங்கே வயிறுமுட்ட விதை தின்றுவிட்டு வடக்கே பறந்தது. கோடையில் சூரியன் அடங்கவே மறுக்கிற சீமை அது. எச்சத்தோடு விழுந்த விதைகள் முளைத்தன, சட்டப்படி ராத்திரிக்காகக் காத்து நின்றன. ராத்திரி நீண்டு மொட்டு வைக்கவும் பனி கொட்டவும் சரியாக இருந்தது. ஒன்றுகூட விதை விடாமல் கருகிப்போயின.

மண்ணில் தூங்கிக் கிடந்த கடைசி விதை மறுவருஷம் முளைத்தது. அவள்தான் பொடிச்சி. எதைக் கண்டாலும் ஏன், எதற்கு என்று நச்சரிக்கிற ரகம்.

"உங்க அக்காமாருங்க எல்லாம் பனியில போயிட்டாங்கடி," என்றது அந்த வருஷமும் திரும்பி வந்த காடை. "இங்க உங்க வம்சத்துக்கு நீ ஒருத்திதான் மிச்சம்."

பொடிச்சிக்குப் பகீரென்றது. அன்று அந்தியில் எட்டிப்பார்த்த ராத்திரியைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரியம்மா, சீக்கிரம் வந்து கொஞ்சம் கூடுதலா இருந்துட்டுப் போகக் கூடாதா?"

"சூரியன் எடம் விட்டாத்தானேடி? புரட்டாசி வரைக்கும் பொறு."

"அதுக்குள்ள பனி வந்துடுமே!"

"சட்டம்னா சட்டம்தான்," என்ற ராத்திரி பத்தே நாழிகையில் கிளம்பிவிட்டாள்.

பொடிச்சி யோசித்தாள். பூக்கப்போவது நான். நாழிகையை இவள் ஏன் எண்ண வேண்டும்? என் வயசை நானே எண்ணினால் என்ன ஆகும்? பயமாகத்தான் இருந்தது. ஆனால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசை பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

இருட்டை அளக்க ஒரு கண் எல்லாக் கஞ்சாச் செடிக்கும் உண்டு. அதை இறுக மூடிக்கொண்டு, விடியலுக்கு ஒன்று என்று எண்ணத் தொடங்கினாள். முழங்கால் உயரம்கூட வரவில்லை. முப்பதாம் நாள் உச்சிவெயிலில் பூத்தேவிட்டாள். பக்கத்தில் ஆண்செடி இல்லையே என்று தன் கிளையிலேயே நாலு ஆண்பூவையும் பூத்துக்கொண்டாள். ஆவணிக்குள் விதை முற்றி உதிர்ந்தது.

ராத்திரி வந்து பார்த்தாள். கோபம் தலைக்கேறியது.

"என்னைக் கேக்காமலா பூத்தே? மூடின கண்ணு இனி தொறக்காது. உன் பிள்ளைங்க உன்னை மாதிரியே குள்ளமா, அவசரமா நிக்கும். அதுங்க நெட்டைச் செடியோட சம்பந்தம் வெச்சா, பொறக்கிறது எல்லாம் என் பேச்சைத்தான் கேக்கும்!"

பொடிச்சி அதற்குள் பாதி காய்ந்திருந்தாள். "சரிம்மா. அப்படிப் பொறந்ததுங்க தங்களுக்குள்ள கலந்து பெத்தா, அந்தப் பிள்ளைங்க?"

ராத்திரி அதை யோசித்திருக்கவே இல்லை. "சாகிற நேரத்துலயும் கேள்வியாடி உனக்கு?" சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "நாலுல ஒண்ணு உன்னைப்போல இருந்துட்டுப் போகட்டும், போ."

பொடிச்சிக்கு அது போதுமாக இருந்தது. நிம்மதியாகச் சாய்ந்தாள்.

அன்றைக்கிருந்துதான் வடக்கத்திக் குட்டைக் கஞ்சா இருட்டுக்குக் காத்திராமல் தன் வயசை எண்ணிப் பூக்கிறது. நெட்டையோடு கலந்தால் பிள்ளைகள் எல்லாம் ராத்திரியைப் பார்த்து நிற்கும். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கலந்து பெற்ற பேரப்பிள்ளைகளில் நாலுக்கு ஒன்று மட்டும், யாரையும் கேட்காமல், கண்ணை மூடிக்கொண்டு எண்ண ஆரம்பித்துவிடும்.