பாலைவனத்தில் ஒரு ஆப்பிள் மரம்

“‘என் பிள்ளைகளுக்கு ஒண்ட நிழலில்லை, கடிக்க ஒரு பழமில்லை’ என்று நேற்று முழுக்க ஒப்பாரி வைத்தது நீதானே? இப்போது ஆப்பிள் மரம் வைக்கலாம் என்றால் ஏன் மூஞ்சியைச் சுளிக்கிறாய்?” என்று கத்தியது ஒட்டகம்.

“சொன்னேன் அக்கா. ஆனால் ஆப்பிள் கேட்கவில்லையே!” என்றது மணல் எலி.

அந்தப் பாலைவனத்தில் இருந்ததே ஒரு சிறிய ஊற்று. ஒரு மரக்கன்றுக்கு மேல் அதில் தண்ணீர் காணாது. எந்த மரத்தை வளர்ப்பது என்பதில்தான் இந்தச் சண்டை.

ஒட்டகம் வியாபாரிகளோடு பனிமலை வரை போய் வந்தது. போனது மூட்டை சுமக்க. பேச்சு மட்டும் மகாராணி மாதிரி! வரும்போது மூட்டையிலிருந்து ஒரு ஆப்பிள் கன்றையும் உருவிக்கொண்டு வந்திருந்தது.

“என்னிடம் இலந்தைக் கொட்டை இருக்கிறது. அது இந்த வெயிலுக்கு அசையாது” என்றது எலி.

“இலந்தையா? சீ! முள்! விருந்தாளி வந்தால் தட்டில் இலந்தைப் பழத்தையா வைப்பேன்?”

முள்ளைத் தின்றே வளர்ந்த வாய் பேசுகிற பேச்சு இது!

“இங்கே எந்த விருந்தாளி அக்கா வந்தான்?”

“ஆப்பிள் இருந்தால் வருவான்!”

பக்கத்தில் நின்ற கழுதை இரண்டு பழத்தையும் தின்றதில்லை. ஆனாலும், “ஆப்பிள்தான் கௌரவம்” என்று தலையாட்டியது. ஊற்றுத் தண்ணீர் முழுக்க ஆப்பிளுக்குப் போனது.

எலி வாதாடவில்லை. ஆப்பிள் பாத்தியிலிருந்து வழிந்து வீணாகும் தண்ணீருக்குத் தன் வளை வரைக்கும் விரலளவு வாய்க்கால் தோண்டியது. அதன் ஓரத்தில் இலந்தைக் கொட்டையைப் புதைத்தது.

ஆப்பிள் கன்று வளர்ந்தது. ஆனால் ஒரு பூ இல்லை. இலையும் ஓரம் கருகியது.

“அதற்குக் குளிர் வேண்டும். குளிர் பட்டால்தான் பூக்கும்” என்றது ஒட்டகம்.

“இதை நடும்போதே சொல்வதற்கென்ன?” என்றது எலி.

“யாராவது கேட்டீர்களா?”

உடனே வேலை ஆரம்பமானது. கழுதை காதால் விசிறியது. வேடிக்கை பார்க்க வந்த ஆந்தையும் மரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து பேய்க்கதை சொன்னது. பயத்தில் மரம் குளிர்ந்து நடுங்குமாம்!

“நடுங்குகிறது! மரம் நடுங்குகிறது!” என்று ஒட்டகம் குதித்தது.

“அது நான்தான்” என்றது மரத்தில் சாய்ந்திருந்த கழுதை. “அந்தப் பேய்க்கு அப்புறம் என்ன ஆச்சு?”

கடைசியில் ஒட்டகத்துக்கு ஒரு யோசனை உதித்தது. “பனி வெள்ளையாக இருக்கும். உப்பும் வெள்ளையாக இருக்கிறது. மரத்துக்கு என்ன தெரியப் போகிறது?”

“அக்கா, வேண்டாம்! செடி செத்துப் போகும்!”

“பனிமலையை நீ பார்த்தாயா, நான் பார்த்தேனா?”

ஒட்டகம் உப்பளத்திலிருந்து உப்பை வாய் வாயாக அள்ளி வந்து வேரிலும் கிளையிலும் கொட்டியது. பார்க்க அப்படியே பனிமலைதான். ஒரே வாரத்தில் மரம் விறகானது.

எலி வாய்க்காலைத் திருப்பி, ஊற்றிலிருந்தே நேராக இலந்தைக்கு விட்டது. கோடைகள் போயின. இலந்தை குடையாக விரிந்து, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. எலிப் பிள்ளைகள் நிழலில் உருண்டன. கழுதையும் ஆந்தையும் கூச்சமே இல்லாமல் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தன.

ஒட்டகம் மட்டும் வெயிலில் நின்றது. எட்டிப் பறிக்கிற கழுத்துதான், வெட்கம் எட்டவிடவில்லை.

தன் மண்ணும் வெயிலும் எதை ஏற்கும் என்று பாராமல், வராத விருந்தாளி மெச்ச மரம் வைப்பவர் வெயிலில்தான் நிற்க வேண்டும்.

“அடியே எலி, ஒரே ஒரு பழம் இந்தப் பக்கம் போடேன்... தட்டெல்லாம் வேண்டாம்” என்றது ஒட்டகம்.

எல்லார் வாயும் நிறைந்திருந்தது.