மணற்கோட்டை ராஜாவும் ரகசியச் சங்கமும்

மணற்கோட்டை ராஜாவுக்கு இப்போது நாடு கிடையாது, படை கிடையாது, வரி கொடுக்க ஆளும் கிடையாது. ஆனாலும் ராஜா ராஜாதான். வெள்ளிக்கிழமையானால் கம்பீரசிங்க ராஜா அரண்மனைக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே சிம்மாசனத்தைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். மற்ற நாளெல்லாம் ராஜ்ஜியம் 'மணற்கோட்டை அரசவை' என்ற வாட்ஸ்அப் குழுவில் நடக்கும்.

அந்த அவையின் விகடகவி அனந்தப்பன். பரம்பரைப் பதவி. முப்பாட்டனார் ஒரே சிலேடைக்கு ஒரு கிராமத்தையே பரிசாக வாங்கியவராம். அனந்தப்பனுக்குக் கிடைத்தது அரண்மனைத் தோட்டத்து ஓட்டு வீடு, அதுவும் குடியிருக்க மட்டும். "என் சிலேடைக்கு அதுவே அதிகம்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

சமீபத்தில் ராஜாவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. தமிழில் டப்பிங் செய்த ஆங்கிலப் படம் ஒன்று பார்த்தார். அதில் ஃப்ரீமேசன் என்று ஒரு ரகசியச் சங்கம். கவராயமும் கொத்தனாரின் மூலைமட்டமும் அவர்கள் சின்னம். அது என்னவென்று யூடியூபில் தேடினார். தேடினவரை யூடியூப் சும்மா விடுமா? உலகத்தையே அவர்கள்தான் ஆட்டிவைக்கிறார்கள், பிஸ்கட் பாக்கெட்டில்கூட அவர்கள் அடையாளம் ஒளிந்திருக்கிறது என்று வீடியோ மேல் வீடியோவாக வந்தது. குழுவில் காலை வணக்கப் பூக்கள் போய், முக்கோணமும் ஒற்றைக் கண்ணும் வந்து குவிந்தன.

மேனேஜர் திருவேங்கடநாதனுக்கு அந்தத் தோட்டத்து வீட்டின் மேல் ரொம்ப நாளாகக் கண். மருமகனைக் குடிவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா! அந்தச் சங்கத்து ஆள் இதோ, இங்கேயே உட்கார்ந்திருக்கிறார். அனந்தப்பன்!"

மேனேஜர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

"எந்த போட்டோவில் பார்த்தாலும் ஒற்றைக் கண்தான் திறந்திருக்கிறது. கை குலுக்கினால் கட்டைவிரல் மட்டும் கோணிக்கொண்டு நிற்கிறது. வீட்டில் இடுப்பைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டுகிறார். மூன்றும் அவர்களுடைய அடையாளம்!"

அனந்தப்பன் எழுந்தார். "மகாராஜா, கேமராவைக் கண்டாலே எனக்கு ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். கட்டைவிரல் அரிவாள்மனையில் வெட்டுப்பட்டது. வெள்ளைத் துணி கட்டுவது தோசை வார்க்க. வீட்டில் அது என் டிபார்ட்மெண்ட்."

எல்லாரும் சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை.

"நீ அந்தச் சங்கத்தில் இருக்கிறாயா, இல்லையா?"

"இல்லை, மகாராஜா."

"அவர்களும் 'இல்லை' என்றுதான் சொல்வார்களாம்" என்றார் மேனேஜர்.

"சரி, 'ஆமாம்' என்றால்?" என்று கேட்டார் அனந்தப்பன்.

"ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்!"

ராஜா தாடியைத் தடவினார். "அனந்தப்பா, சாயங்காலத்துக்குள் நீ அவர்கள் ஆள் இல்லை என்று நிரூபி. முடியாவிட்டால் நாளைக்கே வீட்டைக் காலி செய்."

அனந்தப்பன் தலையைச் சொறிந்தார். முப்பாட்டனாராக இருந்தால் இந்நேரம் ஒரு வெண்பா வந்திருக்கும். இவருக்கு ஏப்பம்தான் வந்தது. அதன் பின்னாலேயே, நல்லவேளை, ஒரு யோசனையும் வந்தது.

"மகாராஜா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காதில் மட்டும்தான். வேறு யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்."

ராஜா குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். அனந்தப்பன் அருகே போய்க் குனிந்து கிசுகிசுத்தார்: "சங்கத்தின் பரம ரகசியம் இது. நாங்கள் பூசணிக்காயைத் தொடவே மாட்டோம்."

ராஜாவின் கண்கள் விரிந்தன. "சாயங்காலம் பார்க்கலாம்" என்று சபையைக் கலைத்தார்.

வீட்டுக்குப் போனால் மனைவி தெய்வானை சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாமே?"

"பொறு. சாயங்காலம்வரை நேரம் இருக்கு."

"உங்களை நம்பியா பொறுக்கச் சொல்றீங்க?" என்றாள் அவள். அனந்தப்பனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மத்தியானம் கடைத்தெருவுக்குப் போய்வந்தவள், பெரிய பூசணிக்காய் ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கிவந்தாள். "என்னங்க, காய்க்காரர் சும்மாவே கொடுத்துட்டார்! இதுல ஏதோ வில்லங்கம் இருக்காம். காலையிலேர்ந்து ஒருத்தரும் வாங்கலையாம்."

அன்றைக்கு முதல் தடவையாக அனந்தப்பன் சிரித்தார்.

சாயங்காலம் அவை கூடியது. அனந்தப்பன் வாய் திறப்பதற்குள் மேனேஜர் போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மகாராஜா, ஆபத்து! அந்தச் சங்கத்தார் பூசணிக்காய்க்குள் கேமரா வைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்களாம்!"

"உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார் அனந்தப்பன்.

"அரண்மனைச் சமையற்காரம்மா."

"அவருக்கு?"

"ராணியம்மா சொன்னார்களாம்."

எல்லாருடைய பார்வையும் சிம்மாசனத்தின் பக்கம் திரும்பியது. ராஜா தொண்டையைக் கனைத்தார். "நான் ராணியிடம் மட்டும்தான்… யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான்…"

அனந்தப்பன் கைகூப்பினார். "மகாராஜா, அந்தப் பூசணிக்காய் ரகசியம் நானாகக் கட்டிவிட்டது. காலையில் காதில் சொன்னேன். மத்தியானம் காய்க்கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. சாயங்காலம் கேமரா முளைத்துவிட்டது. அந்தச் சங்கமோ நூற்றாண்டுக் கணக்காக ரகசியம் காக்கிறது என்று மேனேஜரே குழுவில் போட்டிருக்கிறார். மணற்கோட்டைக்காரன் ஒருத்தன் அதில் சேர்ந்திருந்தால் அது ஒரு வாரம் தாங்கியிருக்குமா?"

ராஜாவின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அனந்தப்பா, நீ ஜெயித்தாய். ஆயுசு முழுக்க அந்த வீடு உன்னுடையது."

மேனேஜர் விடவில்லை. "மகாராஜா, அவசரப்படாதீர்கள்! ஊரில் மற்ற எல்லாரும் ஓட்டைவாய்தான், ஒப்புக்கொள்கிறேன். இவர் ஒருவர் மட்டும் ரகசியம் காக்கத் தெரிந்தவராக இருந்தால்?"

அனந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தச் சந்தேகமே வேண்டாம், ஐயா. காலையில் மகாராஜாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வெளியே போனேனா? வாசல் தாண்டும்வரைகூட என்னால் தாங்க முடியவில்லை. எல்லாமே சும்மா கட்டிவிட்டது என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டேன்."

"ஆமாங்க, மகாராஜா!" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னார். நான் நாலு பேர்கிட்டதான் சொன்னேன்!"

ராஜா சிம்மாசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.