காற்று புகாத முதல் வீடு

வாசலை அடைத்துவிட்டார்கள். நடந்த தப்பு அதுதான்.

விரிசலை இல்லை. ஜன்னல் இடுக்கை இல்லை. ஆள் போகிற வாசலை. செங்கல் அடுக்கி, சிமெண்ட் பூசி, ரசமட்டம் வைத்துப் பார்த்து அடைத்தார்கள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஊட்டியில் தலைக்குந்தா பக்கம் ஒரு சரிவில் மூன்று வாடகை வீடுகள். முதல் வீட்டில் நேசமணி டீச்சர். நடு வீடு காலி. மூன்றாவதில் நான். மூன்றுக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே குழாய். வீட்டுக்காரர் எஸ்தரம்மா இருப்பது கோயமுத்தூரில். வீடுகளைப் பார்த்துக்கொள்ளப் பின்னறையில் மூன்று பேரைக் குடிவைத்திருந்தார். மூத்தவன் திம்மராயன், யோசிக்கிறவன். அடுத்தவன் சவரிமுத்து, ஒத்துக்கொள்கிறவன். கடைசி பொம்மையன், கேள்வி கேட்கிறவன். அந்த அறையை விட்டால் மூன்று பேருக்கும் போக்கிடம் கிடையாது.

போன வருஷம் உறைபனியில் குழாய் வெடித்தது. நடு வீட்டுக்காரர்கள் அன்றைக்கே சாமானை ஏற்றிவிட்டார்கள். அதனால் இந்த மார்கழிக்கு எஸ்தரம்மா நேரிலேயே வந்து சொன்னார்.

"மூணே மூணு வேலை. குழாய்க்குக் கோணி சுத்துங்க. சாயங்காலமானா குழாயைக் கொஞ்சம் திறந்து சொட்ட விடுங்க. காத்து எந்த வழியா உள்ள வருதோ அந்த வழியை அடைங்க. சனிக்கிழமை வந்து பார்ப்பேன். இந்த வருஷமும் குழாய் வெடிச்சுதுன்னா, பின்னறையைக் காலி பண்ணிட்டுப் போயிடணும்."

"சரிங்கம்மா" என்றார்கள். அங்கேதான் ஆரம்பித்தது.

கோணி வந்தது. பொம்மையன் தடவிப் பார்த்தான்.

"அண்ணே, இது உறுத்துமே. வெறும் உடம்புல சுத்தினா குழாய் தாங்குமா?"

திம்மராயன் யோசித்தான். "முதல்ல பனியன். அப்புறம் ஸ்வெட்டர். அப்புறம் கம்பளி. எல்லாத்துக்கும் மேல கோணி."

"அதான் முறை" என்றான் சவரிமுத்து.

பனியன் அவர்களுடையது. ஸ்வெட்டர் டீச்சருடையது. கம்பளி என்னுடையது. கொடியில் காய்ந்தது எல்லாம் குழாய்க்குப் போனது. குழாய் வாய்க்கு ஒரு மப்ளர் வேறு. நான் போய்க் கம்பளியைக் கேட்டேன்.

"உங்களுக்குக் குளிர்னா வாய்விட்டுச் சொல்லுவீங்க பெரியவரே. அது சொல்லுமா?"

"அது வாயைத்தானடா கட்டிவெச்சிருக்கீங்க."

"அதான் சொல்ல முடியல பாருங்க" என்றான் சவரிமுத்து.

நான் திரும்பி வந்துவிட்டேன்.

சாயங்காலம் சொட்ட விடுவதற்காகக் குழாயைத் திறந்தார்கள். உள்ளே காற்று அடைத்திருந்தது போல. டக டக டகவென்று ஆடியது.

"நடுங்குது அண்ணே!"

"இவ்வளவு போர்த்தியுமா?"

திம்மராயன் குழாயைத் தொட்டுப் பார்த்தான். "வெளியே போர்த்தி என்ன பண்றது? குளிர் உள்ளே இறங்கிடுச்சு. கஷாயம் குடுக்கணும்."

டீச்சர் வீட்டு அடுப்பு பெரியது. அதில் ஒரு அண்டா நிறையச் சுக்கு, மிளகு, கருப்பட்டி போட்டுக் காய்ச்சினார்கள். பாதியைத் தொட்டியில் ஊற்றினார்கள். மீதியை அடுத்த வேளைக்கு என்று அங்கேயே மூடி வைத்தார்கள். டீச்சர் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். தடுத்தார். "நோயாளிக்கு, டீச்சர்" என்றார்கள்.

மறுநாள் காலையில் நான் வாய் கொப்பளித்தேன். தொண்டை வெந்தது. டீச்சர் வெள்ளைப் புடவையை அலசினார். காவியாக வந்தது. வேறு வழியில்லாமல் அதையே கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார். பிள்ளைகள் எழுந்து கும்பிட்டார்களாம்.

குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. முற்றமெல்லாம் கருப்பட்டி வாசனை. அது வாய்க்காலில் இறங்கி, சரிவோடு போய், காட்டோரம் வரை மணத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை வந்தது. டீச்சர் சந்தைக்குப் போயிருந்தார். மூன்றாவது வேலையை முதல் வீட்டில் தொடங்கினார்கள். திம்மராயன் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினான்.

"புகை எங்க வளையுதோ அங்க காத்து வருது."

உள்ளதைச் சொல்கிறேன், நானே அசந்துபோனேன். அவ்வளவு புத்தி அந்தத் தலையில் அதுவரை வந்ததில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

ஓட்டுச் சந்தில் புகை வளைந்தது. துணியை அடைத்தார்கள். ஜன்னலில் வளைந்தது. அடிக்கப் பலகை இல்லை. வாசல் கதவைக் கழற்றி ஜன்னலில் வைத்து ஆணியடித்தார்கள். ஜன்னலில் காற்று நின்றது. வாசலில் புகை படுத்தேவிட்டது.

"அண்ணே, வீட்டிலேயே பெரிய ஓட்டை இதுதான்."

"கதவைச் சாத்தினா?" என்றான் சவரிமுத்து.

"கதவுதான் ஜன்னல்ல இருக்கே."

மூவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆள் வர்ற வழியாச்சே அண்ணே?"

"அம்மா என்ன சொன்னாங்க? காத்து எந்த வழியா வருதோ அந்த வழியை அடைன்னாங்க. ஆள் வந்தா விட்டுடுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்ப செங்கலை எடு."

காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கட்ட வேண்டும் அல்லவா? அதனால் உள்ளே நின்று கட்டினார்கள். கடைசிக் கல்லை வைத்தார்கள். ஊதுபத்தி கொளுத்தினார்கள். புகை குச்சி மாதிரி நேராக நின்றதாம். மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்களாம்.

பிறகு பொம்மையன் கேட்டானாம். "அண்ணே, அடுத்த வீட்டுக்கு எப்படிப் போறது?"

திம்மராயன் சுவரைத் தடவிப் பார்த்தானாம். "ஒரு வீட்டு வேலை முழுசா முடிஞ்சா இப்படித்தான்டா இருக்கும்" என்றானாம்.

நாலு மணிக்கு எஸ்தரம்மாவும் டீச்சரும் சேர்ந்தே வந்தார்கள். நானும் எழுந்து போனேன். எஸ்தரம்மா சுவரைக் கையால் தட்டினார்.

"டேய்! வாசல் எங்கடா?"

"யாரது?"

"எஸ்தரம்மாடா!"

உள்ளே கிசுகிசுப்பு. "நேத்தும் இப்படித்தான் அண்ணே தட்டுச்சு. திறந்தா யாருமில்ல, வெறும் காத்து." "காத்துக்கு அம்மா பேரு எப்படிடா தெரியும்?" "கோயமுத்தூர்க் காத்தா இருக்கும்."

"நான் எப்படிடா உள்ள வர்றது?" என்று கத்தினார் எஸ்தரம்மா.

"நீங்களே வர முடியலன்னா காத்து எப்படிம்மா வரும்?" என்றான் திம்மராயன். குரலில் பெருமை.

எஸ்தரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கரடி வந்தது. காட்டோரத்திலிருந்து வாய்க்காலை நக்கிக்கொண்டே மேலே ஏறி வந்தது. நாங்கள் மூவரும் என் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினோம். என் வீட்டில் கதவு இருந்தது.

கரடி மப்ளரோடு குழாயைச் சப்பியது. போதவில்லை. மூக்கைத் தூக்கியது. மீதிக் கஷாயம் டீச்சர் வீட்டுக்குள் அண்டாவில் இருக்கிறதே! போய்ச் சுவரில் இரண்டு கையையும் வைத்தது. இந்தக் குளிரில் சிமெண்ட் எங்கே காய்கிறது? சுவர் மொத்தமாக உள்ளே சாய்ந்தது. கரடி உள்ளே போனது. மூன்று பேரும் அதை உரசிக்கொண்டே வெளியே வந்தார்கள். அது கண்டுகொள்ளவில்லை. அண்டாவைக் காலி செய்தது, வாயைத் துடைத்தது, வாசல் வழியாக இறங்கிப் போனது.

எஸ்தரம்மா குழாயைத் தொட்டிவரை நடந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"ம். குழாய் நல்லாத்தான் இருக்கு" என்றார். முகம் கொஞ்சம் இளகியது. "போகட்டும், பின்னறை உங்க..."

பொம்மையன் அதற்குள் ஊதுபத்தி கொளுத்திவிட்டான். "அம்மா, வாசல்ல மறுபடியும் காத்து வருது. அடைச்சிடவா?"

"அடச்சே! உங்க மூணு பேருக்கும் அந்தக் கரடி எவ்வளவோ தேவலாம்டா! ஒரே தள்ளுல வேலையை முடிச்சிட்டுப் போச்சு. பின்னறையை அதுக்குத்தான் குடுக்கணும்!"

விடுவிடுவென்று நடந்து பஸ் ஏறிவிட்டார்.

மூவரும் அரை மணி நேரம் பேசினார்கள்.

"அம்மா சொல்லிட்டாங்க."

"சொல்லிட்டாங்க."

"சாவியை யார் கொண்டுபோய்க் குடுக்கிறது?"

"மூணு பேருமே போவோம். மரியாதையா இருக்கும்."

இன்று காலை பார்த்தேன். பின்னறையைக் கூட்டி, சுண்ணாம்பு அடித்து, இலையில் ஒரு கருப்பட்டி வைத்திருக்கிறார்கள். மூட்டை முடிச்சோடு காட்டோரத்தில் நிற்கிறார்கள், சாவியை நீட்டிக்கொண்டு. அறைச் சுவரில் கரித்துண்டால் பெரிதாக எழுதியிருக்கிறது:

'இங்கே குடியிருப்பவர், வாசலைத் திறந்து வைத்த திரு. கரடி.'